அத்தையின் தியேட்டருக்காக நான் பேசிய பேச்சு

இதைப் படிக்கும் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அல்ல; தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது, அதை மாற்றும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு காட்சியை மட்டும் என்னோடு நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, மேட்னி இடைவேளை. திருச்செந்தூரிலிருந்து ஆலந்தலைக்குப் போகும் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சிறு தியேட்டரின் முன்கூடம். முறுக்குப் பொட்டலத்துக்கும் டீக்கும் முண்டியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, டிக்கெட் ஜன்னலை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் என் அத்தை. அவர் எதிரே, மேலூர்ப் பக்கத்தில் இரண்டு சிறு தியேட்டர்களை நடத்திவந்த ஒரு மனிதர். மூன்றாவதாக இதை வாங்க வந்திருந்தார். விலை முந்தைய வாரமே ஃபோனில் பேசி முடிந்திருந்தது. மேலூர்க்காரர் டீக் கிளாஸைத் தரையில் வைத்தார். வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்தார். "அப்பொ சரிங்கம்மா" என்றார். அந்தச் சரிக்கு அடுத்து ஒரு சொல் அவர் வாயில் இருந்தது. அது வெளியே வருவதற்குள், அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நான் தொண்டையைச் செருமினேன்.

அந்தத் தியேட்டர் எங்கள் குடும்பத்துக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். அத்தையின் கணவர், என் மாமா, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிப்போன மரத்தோணி ஒன்றில் பங்குதாரர். பங்கை விற்ற கையோடு, நடத்த ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த இந்தத் தியேட்டரை வாங்கினார். வாங்கி நான்கு ஆண்டுகளில் மாரடைப்பில் இறந்தார். அடக்கத்துக்கு வந்த உறவினர் அனைவரும் விற்றுவிடும்படி அத்தையிடம் சொன்னார்கள். அவர் அத்தனை பேருக்கும் தலையாட்டினார். ஏழாம் நாள் பூசை முடிந்த மறுநாள் தியேட்டரைத் திறந்து மேட்னி ஓட்டினார். அப்போது பிலிம் பெட்டிகளின் காலம் முடிந்து எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தது. புது இயந்திரம், புதுத் திரை, புது ஒலிபெருக்கி எல்லாம் வேண்டும். இல்லையென்றால் படம் தர மாட்டார்கள். பல தியேட்டர்கள் அந்த மாற்றத்தில் மூச்சுவிட முடியாமல் மூடின. அத்தை இயந்திரத்தை மட்டும் புதிதாக வாங்கி, மற்றதை அந்த மூடிய தியேட்டர்களிலிருந்தே சேர்த்தார்.

சாத்தூர், கோவில்பட்டி, நாகர்கோவில் என்று எங்கே ஒரு தியேட்டர் மூடுகிறது என்று கேள்விப்பட்டாலும் அத்தை பஸ் ஏறிவிடுவார். பள்ளிக்கூட விடுமுறைகளில் நானும் போயிருக்கிறேன். பால்கனியின் சிவப்பு இருக்கைகள் கல்யாண மண்டபமாக மாறிய ஒரு தியேட்டரிலிருந்து வந்தவை. கீழ்த்தளத்தின் பச்சை இருக்கைகள் துணிக்கடையாக மாறிய இன்னொன்றிலிருந்து. எந்த இருக்கையையும் அத்தை தொட்டுப் பார்த்து வாங்கியதில்லை. உட்கார்ந்துதான் வாங்குவார். "மூணு மணிநேரம் உக்காந்து பாத்தாத்தான் அது சீட்டா முள்ளான்னு தெரியும்" என்பார். இருண்ட அரங்கில், வெறும் திரையைப் பார்த்தபடி, மடியில் கைப்பையோடு ஒரு பெண் மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு விற்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். தங்கள் அரங்கில் கடைசியாக உட்காரப்போகிற ஆள் இவர்தான் என்று தோன்றும்போது சிரிப்பு நின்றுபோகும். ஒருவர், சாத்தூர்க்காரர் என்று நினைக்கிறேன், உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து, அத்தைக்கு இரண்டு வரிசை பின்னால் தாமும் உட்கார்ந்துகொண்டார்.

கடலுக்கும் தியேட்டருக்கும் இடையே ஒரு தென்னந்தோப்பு மட்டும்தான். உப்புக்காற்று இருக்கைகளின் இரும்பையும் ஒலிபெருக்கியின் உள்ளையும் தின்றுகொண்டே இருக்கும். எங்கள் கரையில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு மூன்று காட்சியும் நிறையும். வாரநாட்களில் சாகுபுரத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்தவர்கள் வருவார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்காரர்கள் ஒரே படத்தை மூன்று முறை பார்ப்பார்கள். ஆனால் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாட்கள், எங்கள் சனம் படம் பார்க்காது. பெயருக்கு ஒரு காட்சி ஓட்டிவிட்டு, அத்தையும் வேலையாட்களும் சேர்ந்து இருக்கைகளைப் போல்ட்டு போல்ட்டாகக் கழற்றி எண்ணெய் தடவி, கிழிந்த ரெக்சினைத் தைத்து, மீண்டும் பூட்டுவார்கள். மாமா இருந்த நாளில் அதைக் கலப்பத்து என்பார். தோணியைக் கரையேற்றிப் பலகைச் சந்துகளில் பஞ்சு அடைக்கும் வேலைக்கு இங்கே அதுதான் பெயர்.

வேலையாட்கள் நால்வர். ஆப்பரேட்டர், டிக்கெட் கொடுக்கும் கவுண்டர் அக்கா, கூட்டித் துடைத்து இடைவேளையில் முறுக்கு விற்கும் அவருடைய தங்கை, வாசலில் டிக்கெட் கிழிக்கும் கேட் அண்ணாச்சி. அண்ணாச்சி மாமாவின் தோணியில் பாய்மரம் ஏறியவர். ஒரு பயணத்தில் மேலிருந்து விழுந்து, கொழும்பில் கட்டிய கட்டு கோணலாகச் சேர்ந்து, இடக்கால் இரண்டு விரற்கடை குட்டையானது. கடலுக்கு இனி ஆகாதவரை அத்தை வாசலில் உட்கார்த்தினார். டிக்கெட் இல்லாமல் அவரைத் தாண்டி ஒருவரும் போனதில்லை. ஒருமுறை பங்குச் சாமியார் சும்மா எட்டிப் பார்க்க நுழைந்தபோது, ஸ்டூலைவிட்டு எழுந்து வணங்கி, வழியையும் மறித்துக்கொண்டு, "சாமி, கோயில்ல நான் காணிக்க போடுதேம்லா? இங்கன நீங்க போடணும்" என்றார். சாமியார் சிரித்துக்கொண்டே போய் டிக்கெட் எடுத்துவந்தார். தடைக்காலத்து முதல் காட்சிகளில் இருநூறு இளைஞர்கள் கதவை நெருக்கும்போதும் அண்ணாச்சி குரல் உயர்த்திக் கேட்டதில்லை. ஒவ்வொருவனையும் அப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நெருக்கம் தானாகக் குறையும்.

என்னைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில் இரண்டு தட்டு முழுக்கப் பேச்சுப்போட்டிக் கோப்பைகள். நடுவே முத்துச்சிப்பி பதித்த ஒரு கேடயம். கல்லூரியில் மூன்றாண்டும் எந்தப் பட்டிமன்றத்திலும் என் அணி தோற்றதில்லை. என் வலிமை முழுவதும் ஒரே உத்தியில் இருந்தது. பழைய உரையாசிரியர்கள் அதைத் தடைவிடை என்பார்கள். எதிரி எழுப்பக்கூடிய தடையை அவனுக்கு முன்பே நாமே எழுப்பி, நாமே விடை சொல்லி உடைத்துவிடுவது. பிறகு எதிரணி எழும்போது அவர்கள் கையில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அரங்கம் கைதட்டும். அந்த உத்திக்கு எதிரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

விற்கும் முடிவு அத்தையின் முழங்காலால் வந்தது. ஆப்பரேட்டர் அறைக்குச் செங்குத்தாகப் பதினெட்டுப் படி. கடைசி ஆண்டில் அவற்றை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஒரே மகள் மஸ்கட்டில் கணவனோடு. வந்துவிடும்படி தினமும் அழைத்தாள். துறைமுகத்துச் சரக்கை அடுக்க இடம் தேடிய ஒரு குடோன்காரர் எப்போது வேண்டுமானாலும் வாங்கத் தயாராக இருந்தார். அத்தை அவரை நிறுத்திவைத்தார். அவருக்கு இருந்தது ஒரே நிபந்தனை. வாங்குகிறவர் தியேட்டராகவே நடத்த வேண்டும், நால்வருக்கும் வேலை இருக்க வேண்டும். "எனக்கு மவ இருக்கா, மஸ்கட் இருக்கு. அவியளுக்கு எங்கன போக்கு?" என்றார். அப்படிப்பட்ட ஒருவரைத் தேடி எட்டு மாதம் காத்திருந்து, விநியோகஸ்தர் ஒருவர் மூலம் கிடைத்தவர்தான் மேலூர்க்காரர். வந்த முதல் ஆளும் அவர்தான். அவர் வருகைக்குத் தபசு காலம் தொடங்க இரண்டு வாரம் இருந்த ஒரு ஞாயிற்றை அத்தை குறித்தார். திருச்செந்தூர் பஸ் நிலையத்திலிருந்து அவரை வண்டியில் ஏற்றிவர வேண்டியது என் பொறுப்பு. "பேசுததெல்லாம் நான் பேசிக்கிடுதேன். நீ சும்மா கூட நில்லு மருமவனே" என்றார் அத்தை. எனக்கு அது சுருக்கென்றது. மாவட்டமே கைதட்டும் நாவை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதா? அந்த வாரம் முழுவதும் மொட்டை மாடியில் நடந்து நடந்து, அந்தத் தியேட்டருக்கு எதிராகச் சொல்லக்கூடிய அனைத்தையும் திரட்டினேன். ஒவ்வொன்றுக்கும் மறுப்பைத் தீட்டினேன்.

மேலூர்க்காரர் வந்தார். கீழ்த்தளத்தில் பச்சை இருக்கை ஒன்றில், இடைவேளை வரை, திரையைப் பார்க்காமல் அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது என்று இப்போது எனக்குப் புரிகிறது. இடைவேளையில் முன்கூடத்துக்கு வந்து டீயோடு உட்கார்ந்ததும் அத்தை மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவராகச் சொன்னார்.

"தபசு காலத்துல நாப்பது நாளு ஈ கூட வராது. அந்த நாளுல சீட்டக் கழத்தி எண்ண போட்டுக்கிடுவோம்."

"எங்க பக்கம் ஆடி மாசம் அப்படித்தாம்மா."

"காத்து இரும்பத் திங்கும்."

"அங்க எலி திங்கிது."

அத்தை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். "நாலு பேரு இருக்காவ. அவிய இருக்கணும்."

"புதுசா ஆளு தேடி எவன் அலைவான்? இருக்கவங்க இருக்கட்டும்மா." டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைத் தரையில் வைத்தார். "அப்பொ சரிங்கம்மா" என்றபடி எழுந்தார்.

உங்களை நான் அழைத்தது இந்த இடத்துக்குத்தான். இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவைப்படாத இடம் அது. நான் அத்தையின் நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்து, "ஒரு நிமிடம், ஐயா. முடிவெடுக்கும் முன் தங்கள் உள்ளத்தில் எழக்கூடிய ஐயங்களை நான் களைந்துவிட விரும்புகிறேன்" என்று தொடங்கினேன். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு திரை வந்துவிட்ட காலத்தில் பெரிய திரைக்கு எவர் வருவார் என்று தாங்கள் கேட்கலாம் என்றேன், விடை சொன்னேன். தூத்துக்குடியில் குளிரூட்டிய மூன்று திரைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது இந்தத் தகரக் கூரை எம்மாத்திரம் என்று தாங்கள் கேட்கலாம் என்றேன், அதற்கும் சொன்னேன். உப்புக்காற்றில் ஒலிபெருக்கி எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை எழுப்பி அறுத்தேன். நாற்பது நாள் பூட்டிய கதவுக்கு நிகரான ஒரு தொழிலை எந்த அறிவுடையவன் வாங்குவான் என்று நானே கேட்டு, மாமாவின் கலப்பத்தை உவமையாக்கி, அதுவரை நான் பேசியதிலேயே அழகான ஒரு மறுப்பைச் சொன்னேன். கூட்டம் முறுக்கோடு என்னைச் சுற்றிக் கூடிவிட்டது. "ஏலே, உள்ள வசனம் சப்புன்னு இருக்கு. இங்கன வந்து கேளுங்கல" என்று ஒருவன் கத்தினான். விசில் வந்தது. நான் குரலை இன்னும் ஒரு படி ஏற்றினேன்.

கடைசித் தடையை உச்சத்துக்கென்று வைத்திருந்தேன். "கால் குறைபட்ட ஒருவர் இருநூறு பேர் நெருக்கும் வாசலை எப்படிக் காப்பார் என்று தாங்கள் ஐயுறலாம். கணினியில் ஒரு டிக்கெட் எடுக்க விசைகளைத் தேடித் தேடி அழுத்தும் ஒரு பெண்மணியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். காது மந்தமான ஆப்பரேட்டர் ஒலியின் குறையை எங்ஙனம் உணர்வார் என்றும் கேட்கலாம்." ஜன்னலுக்குள் கவுண்டர் அக்கா இருந்தார். கதவருகே ஸ்டூலில் அண்ணாச்சி இருந்தார். நான் அவர்களைப் பார்க்கவில்லை. மேடையில் கண்கள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி உண்டு. விசுவாசம், அனுபவம், ஊர் அறிந்த முகம் என்று மூன்று தூண்களை நிறுத்தி அத்தனை தடைகளையும் உடைத்து முடித்தேன். முன்கூடமே கைதட்டியது. மணி அடித்தது. கூட்டம் உள்ளே போனது.

மேலூர்க்காரரும் கைதட்டியிருந்தார். "ரொம்ப நல்லாப் பேசுறீங்க தம்பி" என்றார். பிறகு சற்று யோசித்தார். "இம்புட்டு பதில் தயாரா வச்சிருக்கீங்களே, இதுக்கு முன்ன எத்தன பேரு வந்து இந்தக் கேள்வியெல்லாம் கேட்டுட்டுப் போயிருக்காக?"

யாரும் கேட்கவில்லை, ஐயா, என்றேன். உண்மை அது. "சத்தியமா நீங்கதாங்க மொத ஆளு" என்றார் அத்தையும். மேலூர்க்காரர் மரியாதையாகச் சிரித்தார். அவர் நம்பவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அப்படி அடுக்கடுக்காக ஒருவன் விடை வைத்திருப்பான் என்று எவர்தான் நம்புவார்? பலர் வந்து பார்த்துக் கழித்துவிட்டுப் போன சரக்கு தம் தலையில் விழ இருந்தது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேம்மா" என்று கும்பிட்டார். பஸ் நிலையம்வரை வண்டியில் திரும்பித் திரும்பி நான் அவருக்கு விளக்கிக்கொண்டே போனேன். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க தம்பி" என்றார். 

நான் திரும்பியபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஸ்டூலில் இருந்தபடி என்னைப் பார்த்து, கோபம் ஒரு துளியும் இல்லாமல், "எங்ககிட்ட அம்புட்டுக் குறை இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தாம் தெரியும் தம்பி" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது, உள்ளே அக்கா இருந்தார் என்று தெரிந்தும் நான் தட்டவில்லை. அத்தை அதே நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு அத்த."

"நீ சும்மா நின்னுருக்கலாம்லா மருமவனே" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நான்தான் பேசினேன். ஒரு பேச்சுக்கு மிரண்டவர் முதல் தபசு காலத்திலேயே மிரண்டிருக்க மாட்டாரா என்று பல நாள் பல விதமாக அவரிடம் வாதிட்டேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்டுக்கொண்டிருப்பார். அவர் மறுத்திருந்தால் நான் வென்றிருப்பேன்.

மேலூரிலிருந்து பதில் வரவில்லை. தபசு காலம் வந்தது. வழக்கம்போல ஐவரும் உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்றி எண்ணெய் போட்டார்கள். நானும் போனேன். ஆப்பரேட்டர் ஒரு துணியை என் கையில் கொடுத்து, எந்த வரிசை என்று காட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். யாருக்காக இந்த எண்ணெய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈஸ்டர் கழிந்து, மேலூர்க்காரர் நத்தம் பக்கம் வேறொரு தியேட்டரை எடுத்துவிட்டதாக விநியோகஸ்தர் தகவல் சொன்னார். தடைக்காலம் முழுவதும் அரங்கம் நிறைந்து வழிந்தது. அதைப் பார்க்க வாங்கும் எண்ணமுள்ள எவரும் வரவில்லை. அடுத்த மாதம் அத்தை படியில் சறுக்கி விழுந்தார். மகள் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கினாள். குடோன்காரர் மறுவாரமே பத்திரத்தோடு வந்தார். இருக்கைகளை எடுத்துக்கொள்ள எந்தத் தியேட்டரும் இல்லை. பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்தார். அவற்றில் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. நிறுத்துப் பார்த்து ஏற்றிப்போனார்கள்.

இப்போது அத்தை மஸ்கட்டில் இருக்கிறார். ஞாயிறுதோறும் என்னை அழைப்பார். என் உடம்பைக் கேட்பதில்லை, வேலையைக் கேட்பதில்லை. நால்வரை ஒவ்வொருவராகக் கேட்பார். கவுண்டர் அக்கா இறால் கம்பெனியில் குளிரில் நின்று தோல் உரிக்கிறார், விரல்கள் மரத்துப்போகின்றன என்பதைச் சொல்வேன். அவருடைய தங்கை சாத்தான்குளத்தில் ஒரு வாத்தியார் வீட்டில் சமைக்கிறார். ஆப்பரேட்டர் மகன் வீட்டோடு போய் முடங்கிவிட்டார். "கேட்டுக்காரனுக்கு வேல கெடச்சுதாலே?" என்பார் கடைசியாக. இல்லை அத்த, என்பேன். அதோடு ஃபோனை வைத்துவிடுவார். இரண்டு ஆண்டுகளாக இதுதான் எங்கள் உரையாடல்.

அண்ணாச்சிக்கு வேலை தேடுவதை நான் என் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். வெளித்தோற்றத்துக்கு அது பரிகாரம்போலத் தெரியலாம். உண்மையில் அத்தையின் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியிலிருந்து தப்புவதற்குத்தான். ஏழெட்டு இடம் அலைந்தோம். எங்கும் முதலில் வயதைக் கேட்டார்கள், பிறகு காலைப் பார்த்தார்கள். சென்ற வாரம் தூத்துக்குடியின் அந்த மூன்று திரை அரங்கிலேயே வாசலுக்கு ஆள் தேவை என்று தெரிந்து, நான் கூட வருவதாகச் சொன்னபோது அண்ணாச்சி தயங்கினார். "வாங்க தம்பி. ஆனா அங்கன வந்து நீங்க ஒண்ணும் பேசப்படாது." பேச மாட்டேன் என்று வாக்களித்தேன்.

நேற்றுப் பிற்பகல் போனோம். மேலாளர் என் வயதுக்காரர், நல்லவராகவே இருந்தார். அண்ணாச்சிக்கு நாற்காலி போடச் சொன்னார். டிக்கெட் கிழிப்பதெல்லாம் இப்போது இல்லை, வருகிறவர்களின் ஃபோனில் இருக்கும் கியூஆர் கட்டத்தை ஒரு கருவியால் பிடிக்க வேண்டும், தெரியுமா என்று கேட்டார். "காட்டிக் குடுத்தா படிச்சுக்கிடுவேன் சார்" என்றார் அண்ணாச்சி. வயது கேட்டார். ஐம்பத்தெட்டு என்றார். மேலாளர் பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இவர ரொம்ப வருஷமாப் பாத்திருக்கீங்கன்னு சொல்றாரு. புதுப் படம் வந்தா இங்க வாசல்ல பயங்கரக் கூட்டம். சமாளிப்பாரா?"

ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் நாக்கில் நின்றது. அதற்குப் பின்னால் இருநூறு இளைஞர்களும் அப்பன் பெயர்களும் பங்குச் சாமியாரும் வரிசைகட்டி நின்றார்கள். வாயைத் திறந்தால் அத்தனையும் வரும் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வாக்கை நினைத்துக்கொண்டு மேலாளருக்குப் பின்னால் சுவரில் இருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தேன். என் மௌனத்தை மேலாளர் தமக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துக்கொண்டார். பொய் சொல்ல விரும்பாத ஒருவனின் தயக்கம் என்று. முகம் இளகியது. "ஓகே அண்ணாச்சி, சொல்லி அனுப்புறோம்" என்றார் மென்மையாக.

பழைய பஸ் நிலையத்தில் திருச்செந்தூர் பஸ்ஸுக்கு நின்றோம். அண்ணாச்சி குட்டைக் காலைச் சற்றே உயர்ந்த நடைமேடை விளிம்பில் வைத்து நின்றார்; அப்படி நின்றால் அவருக்கு வலிக்காது.

"அன்னைக்கு ஒருத்தரும் கேக்காததுக்கெல்லாம் சொன்னிய. இன்னைக்கு ஒருத்தன் வாயத் தொறந்து கேக்கான், சொல்லல" என்றார். "எனக்குன்னு வந்து வாச்சிருக்கிய பாத்தியளா."

"நீங்கதான பேசப்படாதுன்னிய அண்ணாச்சி."

"பேசப்படாதுன்னுதான சொன்னேன். பதில் சொல்லப்படாதுன்னா சொன்னேன்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பழக் கூடையோடு நின்ற பெண்ணொருத்தி எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். துறைமுகச் சாலையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் எடைமேடை ஒன்றில் கேட்டுக்கு ஆள் கேட்கிறார்களாம். நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அண்ணாச்சி. ஃபோனிலேயே வயதை இரண்டு முறை கேட்டுவிட்டார்கள் என்பதையும் சொன்னார். அங்கே நடக்கப்போவது எங்கள் இருவருக்கும் ஏறக்குறையத் தெரியும். பஸ் வந்து நின்றது. ஏறக் காலைத் தூக்கிய அண்ணாச்சி, கம்பியைப் பிடித்தபடி திரும்பி, "நாளைக்கு நீங்க வாரியளா, வேண்டாமா?" என்று கேட்டார். பஸ்ஸின் இரைச்சலைத் தாண்டி அவருக்குக் கேட்க வேண்டும் என்று நான் உரக்கவே சொன்னேன். நடைமேடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாரேன் அண்ணாச்சி. அவிய கேட்டா மட்டும் சொல்லுதேன். கேட்டதுக்கு மட்டும், ஒரு வார்த்தைல."